பெரிய கிராணி சேர்த்த குழு

பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தது.

திலகா கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். ரந்தாவ் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டின் கோப்புகளெல்லாம் கிளவுடுக்கு ஏறியதிலிருந்து, யார் உள்ளே இருக்கிறார்கள் என்பதை அந்தப் புள்ளிதான் சொல்லும். எரிந்தது ஆபீசின் தலைமைக் குமாஸ்தா, பெரிய கிராணி கனகசுந்தரத்தின் பெயருக்கு. அவர் செத்து இருபத்தொன்பது நாளாகிறது.

அன்றே நீக்கியிருக்கலாம். ஆனால் எல்லாவற்றுக்கும் உரிமையாளர் அவர். அடுத்து அந்தப் பட்டம் யாருக்கென்று ஆபீசே முறுக்கிக்கொண்டது. ஆறு பேரில் ஐந்து பேர் அட்மின். வேலை செய்ய ஒருத்தி வேண்டுமே, அதற்குத் திலகா. மேனேஜரின் பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு ஐந்து அட்மின்களின் வேலையையும் அவளே பார்த்தாள். கடைசியில் மேனேஜர் யோகேந்திரன் தீர்ப்புச் சொன்னார்: "அந்தியேட்டி முடியட்டும் லா. முப்பத்தோராம் நாளுக்கு முன்ன பேர அழிச்சா மரியாதயா?"

மூன்று மணிக்கே மழை இருட்டிவிட்டது; ஆலையின் புளித்த வாடையோடு, கிராணி நெற்றியில் தேய்க்கும் கோடாலித் தைலமும் எங்கிருந்தோ வந்தது.

திரையில் புதிதாக ஒரு குழு. பெயர்: லீவு. உருவாக்கியவர்: கனகசுந்தரம். உயிரோடிருந்தவரை யாருக்கும் அரை நாள் கொடுக்காத மனுஷர். நாலு நாள் தூங்கவேண்டுமென்று திலகா போட்ட மனுவைப் பதினோரு முறை திருப்பியவர்.

குழுவில் ஒரே ஆள், தோட்டத்து ஆட்களை மேய்க்கும் சன்னாசி மண்டோர். சேர்த்தது திங்கள். செவ்வாய் காலை சன்னாசி ரப்பர் மரத்தடியில் உட்கார்ந்தபடியே செத்துப்போயிருந்தார்.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது பெயர் ஏறியது. யோகேந்திரன்.

"சார்!"

அடுத்த அறையில் நாற்காலி கிறீச்சிட்டது. "எவன்ம்மா என்னயக் கேக்காம சேத்தது? அதுவும் சாதா மெம்பரா! நான் அட்மின் லா, நான்..."

ஏதோ சரிந்தது. பிறகு மழை மட்டும்.

"சார்?"

கனகசுந்தரத்தின் பெயருக்கு எதிரே நீக்கு என்பதை அழுத்தினாள். *உரிமையாளரை நீக்க உங்களுக்கு அனுமதி இல்லை.* மறுபடி. அனுமதி இல்லை.

பிளக்கைப் பிடுங்கினாள். பையை எடுத்தாள். மம்பாவ் போகும் பஸ். ஓடு.

பைக்குள் போன் அதிர்ந்தது. பார்க்கக் கூடாது. பார்த்தாள்.

*திலகா, நீங்கள் குழுவில் சேர்க்கப்பட்டீர்கள். விடுப்பு மனு: அனுமதிக்கப்பட்டது.*

கால் எழவில்லை. அப்படியொரு அசதி. தைல வாடை கழுத்தில் பட்டது.

அணைந்த கறுப்புத் திரையில் அவள் முகம். அவள் தோளுக்கு மேலே, குனிந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும் ஒரு வழுக்கைத் தலை.