காலி என்று எழுதிய வீடு

நகரத்தின் நடுவில் வானத்தை இடித்துக்கொண்டு நிற்கும் அந்த மூன்று கட்டடங்களையும் யார் கட்டியது என்று என்னைக் கேட்டால், நான்தான் என்பேன். பொறியாளர்கள் கோபித்துக்கொள்ளட்டும். முன்பு அங்கே நெருக்கியடித்துக் கிடந்த நானூறு வீடுகளையும் கணக்கெடுத்துக் காலி செய்து கொடுத்தவன் நான். என் சிவப்புப் பெயின்ட் டப்பா இல்லாமல் அங்கே ஒரு செங்கல் பெயர்ந்திருக்குமா?

முப்பதாம் ஆண்டு விழாவுக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். பத்தொன்பதாம் மாடியில் மண்டபம். சுவரெல்லாம் புகைப்படங்கள்: அன்றைக்கு இருட்டுச் சந்து, இன்றைக்கு நீரூற்று. "செத்துக் கிடந்த நகரத்துக்கு உயிர் வந்தது" என்று ஒருவர் முழங்கினார். கூரை பிய்ந்து போகும்படி கைதட்டினேன்.

கூட வந்தவர்கள் என் மகளும், அவளுடைய மாமனாரான என் சம்பந்தியும். சம்பந்தி ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். நான் எதைச் சொன்னாலும் முக்கால் பங்கைக் கழித்துவிட்டுத்தான் காதில் வாங்குவார். இதய நோயாளி, அவர் மாத்திரை என் மகளின் கைப்பையில் இருந்தது. விழா முடிந்தபோது காலை பதினொரு மணி. மகள் யாருடனோ பேசிக்கொண்டிருந்தாள். லிப்ட் முன்னால் ரயில் நீளத்துக்குக் கூட்டம்.

"படியில எறங்கிடலாம் வாங்க. ஒரு நாளைக்கு ஆயிரம் மாடி ஏறினவன் நான்."

"முக்கால கழிச்சா எரநூத்தம்பது," என்றபடி பின்னால் வந்தார்.

கதவு பின்னால் 'ணங்' என்று மூடிக்கொண்டது. அது தீ விபத்துக்கான படிக்கட்டு. உள்ளே நுழைந்தால் எந்த மாடியிலும் கதவு திறக்காது, தரைத் தளத்தில் மட்டுமே திறக்கும். அதனாலென்ன? இறங்கத்தானே போகிறோம்.

பதினெட்டு. பதினேழு. சுவரில் எண்கள் பளிச்சென்று இருந்தன. பதினான்குக்குப் பிறகு எண்களே இல்லை.

நாங்கள் இறங்கிக்கொண்டே இருந்தோம். முந்நூறு படி இருக்கும். சரி, முக்காலைக் கழித்துக்கொள்ளுங்கள். விளக்குகள் மங்கின. நனைந்த சுண்ணாம்பு வாடை மூக்கில் ஏறியது. காலடியில் சிமென்ட் சத்தம் போய், மரப்படி முனகியது.

"சம்பந்தி, இது வேற படி மாதிரி இருக்கே..."

படி ஒரு கதவில் முடிந்தது. பழைய மரக் கதவு. அதில் சிவப்புப் பெயின்டில் வட்டம் போட்டு, உள்ளே 117. கீழே 'காலி'.

என் கையெழுத்து.

சம்பந்தி தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. போனில் சிக்னல் இல்லை. அவர் மார்பைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார். நெற்றியெல்லாம் வேர்வை.

"மாத்திரை..."

இந்த மனிதருக்கு இங்கே ஏதாவது ஆனால், என் மகள் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? கதவை இரண்டு கையாலும் அறைந்தேன்.

வெளியே காலடிச் சத்தம் வந்து நின்றது.

"உள்ள யாராவது இருக்கீங்களா?"

"இருக்கோம்! தொறங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

"யாராவது இருக்கீங்களா?"

இளம் குரல். அவசரக் குரல். மூன்றாம் முறை கேட்டபோதுதான் அது யார் குரல் என்று எனக்குப் புரிந்தது.

"ஒருத்தரும் இல்லப்பா. காலின்னு போட்டுடறேன்," என்றது என் குரல். மரத்தின் மேல் பிரஷ் இழுபடும் சத்தம். பிறகு தூரத்தில் ஓர் இயந்திரம் உறுமத் தொடங்கியது. எங்கள் தலையில் மண் உதிர்ந்தது.

அப்போது படிக்கு மேலே, இருட்டிலிருந்து, ஒரு பெண் முணுமுணுத்தாள்.

"நானும் கொரல் குடுத்தேன்."

சம்பந்தி என்னைப் பார்த்தார். "நூத்திப்பதினேழுல... மேல ஏறிப் பாத்தீங்களா?"

ஒவ்வொரு மாடியும் ஏறி, ஒவ்வொரு அறையையும் பார்த்து, கதவில் எத்தனை ஆள் என்று எழுத வேண்டும். அதுதான் முறை. அன்றைக்கு அது கடைசி வீடு. படி குறுகல், எனக்குப் பசி. கீழே நின்று மூன்று தரம் கூப்பிட்டேன். மறுநாள் இடித்தார்கள்.

"இல்ல சம்பந்தி. ஏறல."

என் வாயிலிருந்து, கழிக்க எதுவும் இல்லாத பதில் வந்தது அன்றுதான்.

ஏறினேன். இருபத்திரண்டு படி. இதில் கூட்டிச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

தாழ்ந்த கூரை. மடித்து வைத்த போர்வை. சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். தலைமுடி, தோள், விரல், எல்லாம் சுண்ணாம்புத் தூள். மூச்சு விடும்போது தூள் பறந்தது.

அவள் திரும்பவில்லை. நானும் திரும்பச் சொல்லவில்லை.

என் கையில் ஈரமான பிரஷ் இருந்தது. எப்போது வந்தது?

அறைக் கதவில் 'ஆள் 1' என்று எழுதினேன்.

கீழே தாழ்ப்பாள் விலகியது. சம்பந்தி தடதடவென்று ஓடும் சத்தம் கேட்டது. நானும் ஓடினேன். வெளிச்சம், நீரூற்று, காவலாளி, சம்பந்தியின் நாக்கடியில் மாத்திரை வைக்கும் என் மகள். எல்லாம் நினைவிருக்கிறது.

சம்பந்தி பிழைத்தார். ஒரு மாதம் கழித்து, அன்று என் கையில் சிவப்புப் பெயின்ட்டைப் பார்த்து என் எண்ணை வாங்கி வைத்திருந்த காவலாளி போன் செய்தார்.

"சார், பூட்டிக் கெடக்கற பதிமூணாவது மாடிக் கண்ணாடியில செவப்பு பெயின்ட்ல 'ஆள் 1'ன்னு எழுதியிருக்கு. கண்ணாடி தொடைக்கறவங்க தொடச்சும் போகல. உள்பக்கமா இருக்கு."

சிரித்தேன். என் பெயின்ட் அவ்வளவு உசத்தி என்றேன்.

நேற்று மறுபடி கூப்பிட்டார்.

"சார், இப்ப 'ஆள் 2'ன்னு இருக்கு."

சம்பந்திக்குப் போன் போட்டேன். "அன்னிக்கு நீங்க வெளிய வந்தப்ப, நானும் உங்க பின்னாடியே வந்தேன் இல்ல?"

இந்த முறை அவர் எதையும் கழிக்கவில்லை.

"நான் திரும்பிப் பாக்கல, சம்பந்தி."