இடதுகைக்காரன் கையெழுத்து

வெர்னாவின் கார் வாசலில் வந்து நின்றபோது லொரைன் முட்டை பொரித்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை காலை எட்டரை மணி. பிட்ஸ்பர்கிலிருந்து ஒன்றரை மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு நாத்தனார் அந்நேரத்துக்கு வருகிறாள் என்றால் நல்ல காரியத்துக்கு இருக்காது. கிழவர் மார்ட்டின் கொவாலிக் பக்கவாதத்தில் கிடந்த ஒன்பது வருஷத்தில் கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் மட்டும் தலைகாட்டியவள். அவரைப் புதைத்து ஆறு வாரத்தில் இது மூன்றாவது தடவை. ஆள் போன பிறகு சிலருக்கு வீட்டுக்கு வழி நன்றாகத் தெரிந்துவிடுகிறது.

கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்தவள், பிளாஸ்டிக் உறையில் போட்ட, ஆட்டக்காரன் படம் அச்சடித்த பேஸ்பால் கார்டு ஒன்றை மேசைமேல் வைத்தாள்.

"சொல்லு லொரைன். அசல் எங்க?"

"எது அசல்?"

"தெரியாத மாதிரி கேக்காத! கண்ணாடிப் பெட்டில போட்டு வச்சுக்கலாம்னு கார்டு வியாபாரிகிட்ட எடுத்துட்டுப் போனேன். லென்ஸ வச்சுப் பாத்துட்டுச் சிரிக்கிறான் அந்த ஆளு! கார்டு நெசம், கையெழுத்து போலின்னுட்டான். அப்பாவுக்கு வந்த நல்ல கார்ட வித்துட்டு, இதக் கொண்டாந்து அந்த எடத்துல சொருகிட்டல்ல?"

லொரைன் அடுப்பை அணைத்தாள். மேசையில் காபிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்த கணவன் எமிலைப் பார்த்தாள். அவன் கோப்பைக்குள் பார்த்தான்.

அந்தக் கார்டு கிழவருக்கு எப்படிப்பட்டது என்று அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். உருக்காலையில் முப்பத்தெட்டு வருஷம் வெந்த மனுஷன். குடி இல்லை, சீட்டு இல்லை. பதினோரு ஷூ பெட்டி நிறைய பேஸ்பால் கார்டுகள், அதுதான் அவருக்கு உலகம். பழைய ஆட்டக்காரர்களுக்குக் கார்டை அனுப்பி, தபால்தலை ஒட்டிய உறையும் கூட வைத்து, கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பச் சொல்வார். அனேகமாக எல்லாரும் போட்டுவிட்டார்கள். வில்பர் ஸ்டாங்கோ என்கிற இடதுகைப் பந்து வீச்சாளன் மட்டும் போடவில்லை. ஆறு வயது வெர்னாவைத் தோளில் வைத்துக்கொண்டு அவர் பார்த்த ஆட்டத்தில் ஜெயித்தவன் அவன். அதனால்தான் அவர் போன பிறகு பதினோரு பெட்டியில் அந்த ஒற்றைக் கார்டை மட்டும் வெர்னா கேட்டு வாங்கிக்கொண்டாள். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மூன்றாவது தடவையாக அனுப்பிவிட்டு, இந்த ஜனவரி முழுக்க ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார் கிழவர். தபால்காரன் வந்தால் நல்ல கையால் கண்ணாடியைத் தட்டுவார். "வந்துச்சாம்மா?"

பிப்ரவரியில் உறை வந்தது. பனியில் நின்றபடியே லொரைன் பிரித்தாள். ஸ்டாங்கோவின் மகள் நாலு வரி எழுதியிருந்தாள். அப்பா போன மாதம் இறந்துவிட்டார், மன்னிக்கவும். கார்டு வெறுமையாகவே திரும்பியிருந்தது.

கண்ணாடி தட்டும் சத்தம் கேட்டது. "விளம்பரம்தான் அப்பா!" என்று சொல்லிவிட்டு அவள் நேரே நிலவறைக்குப் போனாள். கார்டின் முன்பக்கத்தில் ஆட்டக்காரன் கையெழுத்து சின்னதாக அச்சடித்திருக்கும். துணி துவைக்கும் மெஷின்மேல் அதை வைத்துப் பார்த்துப் பார்த்து, பழைய தாள்களில் நாற்பது தடவை எழுதிப் பழகினாள். பிறகு கார்டில் போட்டாள். வந்த கடிதத்தைக் கொதிகலனில் எரித்தாள். மறுநாள் கார்டைத் தபாலோடு சேர்த்து அவர் மடியில் வைத்தாள்.

வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் வழிந்தது. விசேஷத்துக்கென்று வைத்திருந்த பிளம் பிராந்தியை எடுக்கச் சொல்லி அவளுக்கும் ஒரு வாய் ஊற்றச் சொன்னார். பதினோராம் நாள் போய்விட்டார். அடக்கம் முடிந்து சாப்பாட்டின்போது எமில் எழுந்து நின்று, "எங்கப்பா கேட்டது கெடச்சு நிம்மதியாப் போனாரு" என்று தழுதழுத்தான். அதற்குப் பிறகு லொரைன் எந்த வாயால் உண்மையைச் சொல்வாள்?

இப்போது சொல்லித்தான் ஆகவேண்டியிருந்தது.

"நான் எதையும் விக்கல வெர்னா... அந்தக் கையெழுத்து நான் போட்டது. ஸ்டாங்கோ செத்துட்டாரு. அவரு மக கடுதாசி போட்டிருந்தா..."

"கடுதாசி எங்க?"

"எரிச்சுட்டேன்."

"எரிச்சுட்டாளாம்! கேட்டியா எமில்? சாகப்போற மனுஷன ஏமாத்தினேன்னு தானே சொல்றா, திருடினத மறைக்க! இதுக்குத் திருடினேன்னே சொல்லிட்டுப் போயிருக்கலாமே!"

எமில் மெல்ல வாயைத் திறந்தான். "லொரைன்... வித்திருந்தா வித்தேன்னு சொல்லிடேன். நான் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டேன்."

நாத்தனார் சொன்னதெல்லாம் தோலோடு போயிற்று. இது உள்ளே இறங்கியது. வங்கி வேலையை விட்டு, ஒன்பது வருஷம் அவன் அப்பாவைக் குளிப்பாட்டி, கறியைப் பொடியாக நறுக்கி ஊட்டியவள். கோவிச்சுக்க மாட்டானாம்!

அவள் ஏப்ரனை அவிழ்த்து நாற்காலியில் போட்டாள். ஆணியிலிருந்து கோட்டை எடுத்தாள்.

"எங்க போற?"

"அல்டூனாவுக்கு. அக்கா வீட்டுக்கு. பத்து மணிக்கு பஸ் இருக்கு."

"அம்மா, நில்லு!" சத்தம் கேட்டு மாடியிலிருந்து இறங்கி வந்த மகள் டெனிஸ் வழியை மறித்தாள். பதினேழு வயது. "அத்தை, தாத்தா ஒவ்வொரு கார்டும் எங்கேருந்து வந்துச்சு, யாரு கையெழுத்துன்னு நோட்டுல எழுதி வச்சிருக்காரு. அதப் பாத்தீங்களா?"

"எடுத்துட்டு வா!" என்றாள் வெர்னா. "நெசமான கையெழுத்து வந்துச்சுன்னு அவரே எழுதியிருப்பாருல்ல? அப்ப இவ என்ன சொல்றான்னு பாப்போம்!"

லொரைன் அந்த நோட்டைத் தொட்டதே இல்லை. கார்டு விஷயத்தில் கிழவர் யாரையும் நம்பமாட்டார். 'வில்பர் ஸ்டாங்கோ, அவர் கையாலேயே' என்று சந்தோஷமாக எழுதி வைத்திருப்பார். அதோடு தன் கதை முடிந்தது என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

டெனிஸ் கடைசிப் பக்கத்தைப் பிரித்தாள். பக்கவாதத்துக்குப் பிறகு எழுதிய கோணல் எழுத்து. நிறுத்தி நிறுத்திப் படித்தாள்.

"ஸ்டாங்கோ. தபாலில் வந்தது. ஸ்டாங்கோ இடதுகைக்காரன். அவன் எழுதினால் கை பட்டு மை இழுபடும். இதில் இழுபடவில்லை. கையெழுத்து..." அவள் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். "கையெழுத்து, லொரைன் கொவாலிக். என் மருமகள். யார் கேட்டாலும் வேறு கார்டுக்கு மாற்றிக்கொள்ள மாட்டேன்."

எமில் எழுந்து நோட்டை வாங்கித் தானும் படித்தான். திரும்பவும் படித்தான். அவன் தோள் குலுங்கியது.

லொரைன் கோட்டோடு நாற்காலியில் சரிந்தாள். "அவருக்குத் தெரிஞ்சிருந்துச்சா... தெரிஞ்சேவா என் முன்னாடி அழுதாரு! பாவி மனுஷன், பிராந்தி வேற ஊத்தச் சொன்னாரே!" சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் வந்தது அவளுக்கு.

வெர்னா மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கார்டை லொரைன் பக்கம் தள்ளினாள். "அவரு ஜன்னலோரம் உக்காந்திருந்தது எனக்குத் தெரியவே தெரியாது, லொரைன்... நான் வந்து பாக்கலியே! என்னப் பத்தி ஒரு தடவையாவது கேட்டாரா?"

'இல்லை' என்று சொல்லியிருந்தால் அது சரியான அடிதான். லொரைன் சொல்லவில்லை. "உன்னத் தோள்ல தூக்கிட்டுப் போன ஆட்டத்த வாரம் ஒரு தடவையாவது சொல்லுவாரு. அவரு சட்டையில நீ ரொட்டிக்கு வச்ச கடுகு விழுதக் கொட்டினதோட சேத்து."

வெர்னா மண்டியிட்டு அவள் மடியில் முகம் புதைத்து அழுதாள். லொரைன் அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

எமில் அருகில் வந்து நின்றான். "லொரைன், நான்..."

"அப்புறம் பேசலாம்" என்றாள் அவள், தலை நிமிராமல். "முட்டை ஆறிப்போச்சு. வேற பொரி. உன் தங்கச்சி சாப்பிட்டிருக்க மாட்டா."

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக எமில் கொவாலிக் அடுப்பைப் பற்றவைத்தான்.