பிடுங்கிய வயர்

பேட்டரியைக் கழற்றிச் சுவரோரம் வைத்து இரண்டு நாளாயிற்று. இருந்தும், மூக்கு நசுங்கிய அந்தப் பழைய வெளிநாட்டு ஜீப்புக்குள் பிரேக்குக்கு அழுத்தம் ஏற்றும் பூஸ்டர் மோட்டார் 'உர்ர்ர்' என்று ஓடி நின்றது.

மெக்கானிக் இளங்கோவன் டீ கிளாஸைக் கீழே வைத்தார். லிங்கராஜபுரத்துச் சாயங்கால மழை ஷெட்டின் தகரத்தில் சரளைக்கல் கொட்டுவதுபோல் விழுந்துகொண்டிருந்தது. ஈரச் சாக்கும் பிரேக் ஆயிலும் ஆயுத பூஜைக்கு உடைத்த பூசணியின் அழுகலும் சேர்ந்து மூச்சை அடைத்தன. கேட்டது மழைச் சத்தம்தான் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

எதிரே ஸ்டூலில் ஞானராஜ். ஜீப்பை ஓட்டிப்போய்ச் செத்த நோராவின் கணவர். பார்த்துச் சொல்லச் சொல்லி அவர்தான் இங்கே இழுத்துவரச் செய்திருந்தார்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க மேஸ்திரி. தப்பு வண்டியிலயா, அவ மேலயா? பிரேக்கே மிதிக்காம லாரியில கொண்டுபோய் விட்டுட்டாளாம். என் பொண்ணுகிட்டயே சொல்றாங்க."

இளங்கோவனுக்குக் காது மடல் சுட்டது.

பூஜையன்று காலை நோரா வந்தபோது ஸ்பேனர், ஸ்குரூடிரைவர் எல்லாம் குங்குமப் பொட்டோடு சாமி முன்னால் இருந்தன. மறுநாள்வரை தொடக்கூடாது. ஜீப்பின் எச்சரிக்கை பஸ்ஸரோ அலறிக்கொண்டிருந்தது: மோட்டார் சாகிறது, பிரேக்குக்கு அழுத்தம் இல்லை. நாளைக்கு வாங்க என்று சொல்லியிருக்கலாம்.

"என்ன மேஸ்திரி, உங்களாலயே ஆகாதா?" என்று அவள் சிரித்தாள்.

தேங்காய் உடைத்த கல்லால் மோட்டாரில் இரண்டு தட்டு. முனகிக்கொண்டு ஓடியது. பஸ்ஸர் விட்டு விட்டுக் கத்தியது. அதன் வயரை வெறுங்கையால் பிடுங்கினார்.

"ஆயிடுச்சுக்கா. தைரியமா போங்க."

"மேஸ்திரி?" என்றார் ஞானராஜ்.

"மோட்டார் நல்லாத்தான் இருக்கு சார். அக்காவுக்குத்தான்... கால் மாறிப்போச்சு போல."

ஞானராஜ் தலையாட்டினார். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. குடையை விரிக்காமலே மழையில் இறங்கிப் போனார்.

உர்ர்ர்.

நின்றது.

உர்ர்ர்.

தொழில் பழக்கம், எண்ணினார். நாலு செகண்டு ஓட்டம். ஓய்வு. மறுபடி நாலு. இந்த மோட்டார் சும்மா ஓடாது. பெடலை மிதித்து அழுத்தம் இறங்கினால்தான் ஓடும்.

யாராவது மிதித்தால்தான்.

டார்ச் அடித்தார். சீட் காலி.

டேஷ்போர்டுக்கு அடியில் அந்த வயர் தொங்கியது. வேறு மெக்கானிக் பார்த்தால் ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவான். மாட்டிவிட்டால் யாருக்கும் தெரியாது. அந்த நினைப்பு வந்ததற்கே வெட்கமாக இருந்தது. இருந்தும் மல்லாந்து படுத்துத் தலையை உள்ளே நுழைத்தார்.

வயர் கைக்கு எட்டியது.

தலைக்கு மேல் சீட் ஸ்பிரிங் கிறீச்சிட்டது. யாரோ நிமிர்ந்து உட்காருவதுபோல்.

முகத்துக்கு ஒரு சாண் தள்ளி, பெடல் இறங்கியது.

இந்தத் தடவை மோட்டார் ஓடவில்லை.

பெடல் எழுந்தது. இறங்கியது. தரைவரை. மறுபடி. வேகமாக. இன்னும் வேகமாக.

"அக்கா..."

டார்ச் உருண்டு பெடலின்மேல் வெளிச்சம் விழுந்தது. கால் எதுவும் இல்லை. ரப்பரில் மட்டும் ஐந்து கால்விரல்களின் தடம், பதிந்து, பதிந்து, பதிந்து.