கணவாய் மேசையில் ஒரு கொலை

காலை பத்தரை. வல்பராய்சோ நகரக் கடற்கரை ஆய்வுக்கூடத்தில் டாக்டர் ரோமிலியா தரையில் குப்புறக் கிடந்தார். பின்மண்டை நொறுங்கியிருந்தது. பக்கத்தில் மீன் அறுக்கும் சலவைக்கல் பலகை, அதன் முனையில் முடி ஒட்டியிருந்தது. மேசைமேல் பாதி அறுத்த கணவாய் மீன்; அதன் கீழ்த் தட்டில் வெளிர்நீல நீர் தேங்கியிருந்தது.

கணவாயின் தடித்த நரம்பில் உள்ள புரதங்களை ஆராய்வதே அந்த அம்மாளின் வாழ்க்கை; அதில் அவர் செய்த கண்டுபிடிப்புக்குத்தான் நிதி வந்துகொண்டிருந்தது. உடலை முதலில் பார்த்தவன் உதவியாளன் லவுத்தாரோ. அவரை வாரி மடியில் போட்டுக்கொண்டதில் சட்டையெல்லாம் ரத்தம். முதல்நாள் இருவருக்கும் பெரிய சண்டை என்று காவலாளி சொல்லிவிட்டான். அவ்வளவுதான், போலீஸ்காரர்கள் அவன் உதடு கிழிய அறைந்து விலங்கு மாட்டினார்கள். நம்மவர்கள் விசாரிப்பதற்கு முன்பே தீர்ப்பெழுதுவதில் கெட்டிக்காரர்கள்.

இன்ஸ்பெக்டர் நெலிடா மட்டும் என்ன சண்டை என்று அவனிடம் கேட்டார்.

"டாக்டரம்மா தன் கண்டுபிடிப்பே தப்புன்னு வெளியில சொல்லப்போறேன்னாங்க. சொன்னா நிதி நின்னுடும், என் பொழப்பு என்னாகும்னு கத்திட்டேன், மேடம்."

நிதி தரும் அறக்கட்டளையின் செயலாளர் எவரிஸ்டோ அடுத்த அறையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தக் கண்டுபிடிப்பைக் காட்டித்தான் ஊர்ப் பணக்காரர்களிடம் நன்கொடை வாங்கியவர். காலையில் வந்தேன், டாக்டர் நன்றாகத்தான் இருந்தார், கொஞ்ச நேரத்தில் கிளம்பிவிட்டேன், செய்தி கேட்டுத்தான் திரும்பி வந்தேன் என்று நெலிடாவிடம் சொன்னார்.

"சட்டைக் கையில என்ன சார் சிவப்பா?"

"கணவாய் ரத்தம். அவங்க அறுக்கும்போது நான்தான் பிடிச்சுக்கிட்டேன்."

நெலிடா மேசையிலிருந்த தட்டை எடுத்துவந்து அவர் முன் வைத்தார்.

"எட்டு வருஷமா இதுக்குப் பணம் கொடுத்தீங்க. ஒரு நாளாவது அறுக்கறதை நின்னு பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும். கணவாய் ரத்தம் நீலம், சார். உங்க கையில இருக்கறது டாக்டரோடது."

எவரிஸ்டோ எழுந்த வேகத்தில் தட்டிலிருந்த நீர் நெலிடாவின் முகத்தில் தெறித்தது. நெலிடாவின் கழுத்தை இரண்டு கையாலும் நெரித்தார். நெலிடா முழங்காலால் ஓங்கி இடித்து, அவர் மணிக்கட்டை முறுக்கினார். எலும்பு முறிந்த சத்தம் வாசல்வரை கேட்டது.

"கெஞ்சினேன். வாயை மூடிக்க மாட்டேன்னுட்டா," என்று எவரிஸ்டோ தரையில் கிடந்தபடி அழுதார். அந்த அழுகையைப் பார்த்து யாருக்கும் இரக்கம் வரவில்லை.

விலங்கு கழன்றதும் லவுத்தாரோ வெளியே வந்தான். வாசலில் நிருபர்கள் மொய்த்தார்கள். டாக்டரின் ஆராய்ச்சி இனி தொடருமா என்று ஒருவர் கேட்டார். கிழிந்த உதட்டைத் துடைத்துக்கொண்டான்.

"அவங்க கண்டுபிடிச்சது தப்பு. அந்தத் தப்பையும் அவங்களேதான் கண்டுபிடிச்சாங்க. எழுதிக்குங்க."