வழியனுப்பு விழா வேண்டாம் என்ற டீச்சர்

"நீங்க வர வேணாம் அத்தை... சொன்னாக் கேளுங்க!"

காலை ஏழு மணிக்கே மருமகள் ஆனந்தி ஆரம்பித்துவிட்டாள். பள்ளி ஆண்டு விழாவுக்கென்று கஞ்சி போட்ட சேலையைக் கட்டிக்கொண்டிருந்த ரத்தினபாய் டீச்சரின் கை அப்படியே நின்றது.

"பழைய தலைமையாசிரியைகளையெல்லாம் கூப்புட்டிருக்காகளே ஆத்தா..."

"கூப்புடத்தான் செய்வாக! அப்பறம் குசுகுசுன்னு பேசுறது என் காதுலல்ல விழுகுது? இன்னைக்கு ஒரு நாளாவது நான் தலை நிமிந்து நடந்துக்கிறேனே!"

"எதுக்கும்மா வம்பு?" என்று சொல்லிவிட்டு மகன் ஸ்டான்லி வேடசந்தூர் மில் பஸ்ஸைப் பிடிக்க ஓடினான். பெற்ற பிள்ளை! அவனுக்குத் தெரிந்த நியாயம் அவ்வளவுதான்.

திண்டுக்கல்லில் அந்த மிஷன் பெண்கள் பள்ளிக்கு ஒரு வழக்கம் உண்டு. வேலையை விட்டுப் போகிறவர்களுக்கு வழியனுப்பு விழா வைப்பார்கள். போதகர் அவர்களுடைய விலகல் கடிதத்தை மேடையில் வாசிப்பார். அப்புறம் சால்வை, கேக், குரூப் போட்டோ. ஆயாவுக்குக்கூட அது நடக்கும். முப்பத்தோரு வருஷம் உழைத்த ரத்தினபாய் டீச்சர் மட்டும், ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருஷம் இருக்கையில், தொண்ணூற்றாறில், விலகல் கடிதத்தைக் கொடுத்து, விழா வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டு வீடு வந்து சேர்ந்தார். ஊர் சும்மா இருக்குமா? ஏதோ தப்பு செய்து மாட்டிக்கொண்டாள், மானமாகப் போகச் சொல்லிவிட்டார்கள் என்று முடிவு கட்டியது. அடுத்த மாதமே ஆனந்திக்கு அதே பள்ளியில் வேலை கிடைத்தது. கடிதத்தைப் படித்த போதகரோ மாற்றலாகித் தூரத்து ஊருக்குப் போய்விட்டார்.

ஏழு வருஷமாக டீச்சர் வாய் திறக்கவில்லை. இன்றும் திறக்கவில்லை. சேலையை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டு வெங்காயம் உரிக்க உட்கார்ந்தார். மனசு கசந்துதான் கிடந்தது. இல்லை என்றால் பொய்.

பதினோரு மணிக்கு வாசலில் ஆட்டோ வந்து நின்றது. ஆனந்தி அழுதுகொண்டே ஓடிவந்தாள்.

"என்ன காரியம் பண்ணிப்புட்டீக அத்தை! பழைய போதகர் ஐயா வந்திருந்தாரு. ரத்தினபாய் எங்கன்னு கேட்டாரு, யாரோ ஊருப் பேச்சைக் காதுல போட்டாக. 'ஒரே வீட்டுல ரெண்டு பேரு இங்க வேலை பாக்கக் கூடாதுன்னு நிர்வாகத்துக்குள்ள மட்டும் தெரிஞ்ச சட்டம். மருமகளுக்கு எடம் விடத்தான் அந்தம்மா எழுதிக் குடுத்துச்சு'ன்னு மைக்குலயே சொல்லிட்டாரு... அன்னைக்கே அந்தக் கடிதாசிய வாசிக்க விட்டிருக்கக் கூடாதா?"

"வாசிச்சிருந்தா? மாமியா போட்ட பிச்சைன்னுல்ல ஆயுசுக்கும் உன்னயச் சொல்லியிருப்பாக! ட்ரெய்னிங் முடிச்சு நாலு வருஷம் காத்துக் கெடந்தவ நீ."

"அதுக்கு உங்க பேரையா கெடுத்துக்கிறது? நான் இன்னைக்கே வேலைய விட்டுடுறேன்..."

"வாய மூடு! பரீட்சைக்கு ஒரு மாசந்தான் இருக்கு. எட்டாப்புப் புள்ளைகள நட்டாத்துல விடுவியாக்கும்?"

தலைமையாசிரியைக் குரல் தானாக வந்தது. வந்த வேகத்தில் உடைந்தும் போனது.

"ஊரு பேசுனதுக்கு நான் அழுகல ஆனந்தி. ஒரே அடுப்புல பொங்கித் தின்னோம்... நீயும் நம்புனியே! என்ன நடந்துச்சு அத்தைன்னு ஒரு தடவ கேட்டியா? கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்... ஆனாலும் கேட்டிருக்கலாம்ல?"

ஆனந்தி மாமியாரின் மடியில் முகம் புதைத்துக் கதறினாள். டீச்சர் குனிந்து அவளைச் சேர்த்துக் கட்டிக்கொண்டார். டீச்சரை விழாவுக்குக் கூட்டிப்போக வந்த ஆட்டோ வாசலில் காத்துக் கிடந்தது. அழுது முடிக்கும்வரை இருவருமே எழுந்திருக்கவில்லை.