காப்பி வேர் விறகு

வீட்டுக்குள் கால் வைத்ததுமே அழகையாவுக்கு வசம்பு சுட்ட வாசனை வந்தது.

பிள்ளை இருக்கிற வீட்டில் வரும் வாசனை அது. விளக்கில் சுட்டு, தாய்ப்பாலில் உரைத்து, குழந்தையின் நாக்கில் ஒரு துளி தடவுவார்கள். ஒரு துண்டைக் கறுப்புக் கயிற்றில் கோர்த்துக் கையிலும் கட்டிவிடுவார்கள். அழகையாவின் வீட்டில் இப்போது அதற்கெல்லாம் வேலையில்லை. போன அடைமழையில் கைக்குழந்தை பேச்சி போய்விட்டாள். அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூட அவனுக்கு இன்னும் சரியாகப் பழகியிருக்கவில்லை.

மத்தியானமே மூடுபனி மேலேறி வந்து கதவுக்கு வெளியே நின்றது. அவன் பெண்டாட்டி இராக்கம்மா இரும்பு அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். வசம்பு சுட்டாயா என்று கேட்டான். இல்லை என்றாள். உனக்கு வாசனை வரவில்லையா என்றான். வருகிறது என்றாள். பல மாதமாக அழுது வீங்கிக் கிடந்த முகம் அன்றைக்குத் தெளிந்திருந்தது. அதைப் பார்த்து அவன் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஏனோ முடியவில்லை.

இலங்கை மலைநாட்டில் ஹல்துமுல்லைக்கு மேலே இருந்த அந்தத் தோட்டத்தில் காப்பிக்கு நோய் விழுந்து, மலை மலையாகச் செடி பட்டுப்போயிருந்தது. துரை தேயிலைக்கு மாறிக்கொண்டிருந்தார். காப்பிக்கொட்டை காயவைக்கும் ஸ்டோர் சும்மா கிடந்தது. அதற்குக் காவல்காரன் அழகையா. ஸ்டோரை ஒட்டிய பலகை அறைதான் வீடு. கூலியாட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் என்றால் பக்கத்து அறைகளின் சூடாவது சுவர் வழியே வரும். இங்கே நான்கு பக்கமும் காற்று. மூன்று கல் அடுப்பில் எவ்வளவு எரித்தாலும் புகை வந்ததே தவிர சூடு வரவில்லை. அந்தக் குளிரில்தான் பேச்சிக்கு நெஞ்சில் சளி கட்டியது. பால் குடிக்கக்கூட மூச்சில்லாமல், உதடு நீலம் பாரித்து, அம்மாவின் மார்பிலேயே அடங்கிப்போனாள்.

அதன் பிறகு இராக்கம்மா அணைந்த அடுப்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இவளும் போய்விடுவாள் என்ற பயம் அழகையாவைப் பிடித்துக்கொண்டது. துரையின் மாட்டு வண்டியோடு பதுளைக்குப் போனபோது அந்தப் பயம்தான் அவனைப் பழைய சாமான் கடை வாஹித்திடம் கொண்டுபோய் நிறுத்தியது. பங்களாக்களில் கழித்துக் கட்டிய இரும்பு அடுப்புகள் அங்கே கிடந்தன. ரொட்டி சுடும் அறையோடு பெரியது ஒன்று. குட்டைக் கால் வைத்த சின்னது ஒன்று. அழகையாவின் கண் பெரியதில் விழுந்தது. அது அவன் வீட்டுப் பலகையையும் விறகாகக் கேட்கும், சின்ன அறைக்குச் சின்னதே போதும் என்று வாஹித் சிரித்தார். விரல் முட்டியால் தட்டிக் காட்டினார். விரிசல் இருந்தால் சத்தம் மொட்டையாக வருமாம். இது கணீரென்றது.

பச்சை விறகு போட்டால் குழாய்க்குள் தார் பிடிக்கும், சாம்பலை அடியோடு வழிக்காமல் கொஞ்சம் விட்டுவைக்க வேண்டும், கீழே இருக்கும் சின்னக் கதவைத் திறந்தால் நெருப்பு எழும்பும், மூடினால் அடங்கும் என்று எல்லாவற்றையும் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார் மனுஷன். வீட்டில் யார் யார் என்று கேட்டார். பெண்டாட்டி மட்டும் என்று அழகையா அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னான். ஒரு மழைக்கு முன்னால் வந்திருக்க வேண்டிய அடுப்பு.

பலகையில் துளை போட்டு, சுற்றிலும் தகரம் அடித்து, குழாயை வெளியே விட்டான். முதலில் கையில் கிடைத்த சுள்ளியெல்லாம் போட்டுப் புகையில் தவித்தார்கள். பிறகு இராக்கம்மாவே விறகுக்குப் போக ஆரம்பித்தாள். தேயிலை வைப்பதற்காகச் சரிவில் பிடுங்கிப்போட்ட காப்பிக் கட்டைகளில், கையில் கனப்பதாக, காய்ந்ததாக, வேரோடு இருப்பதாகப் பார்த்துப் பொறுக்கிச் சுமந்து வந்தாள். வேர்முண்டு நின்று எரிந்தது. விடிந்த பிறகும் தணல் கண் விழித்திருந்தது. அறை சூடானது, அவள் சாப்பிட்டாள், ஒரு நாள் தலைகூடச் சீவினாள். அடுப்பைத் தெய்வமாகக் கும்பிடலாம் போலிருந்தது அவனுக்கு.

அப்புறம்தான் இந்த வாசனை. அதற்குப் பின்னாலேயே அந்தச் சத்தம்.

இரும்பு ஆறும்போது டிக் டிக்கென்று சொடுக்கும். அது அவனுக்குப் பழகிப்போயிருந்தது. இது வேறு. கீழ்க் கதவின் இடுக்கில் காற்று உள்ளே போகிற இடத்தில், ஈரமாக, மெதுவாக, ஏதோ சப்பி இழுத்தது. நாலைந்து இழுப்பு. நிறுத்தம். மூக்கால் விடுகிற ஒரு குட்டி மூச்சு. மறுபடியும் இழுப்பு. குழாயில் தார் அடைத்திருக்கும் என்று வெளியே போய்த் தட்டிப் பார்த்தான். தாராளமாகப் புகை போய்க்கொண்டிருந்தது. உள்ளே வந்தான். சத்தம் நிற்கவில்லை. இராக்கம்மா கண்ணை மூடிக்கொண்டு, அந்தச் சத்தத்துக்கு ஏற்ப முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தாள். அவளுடைய ரவிக்கை முன்பக்கம் நனைந்திருந்தது. வற்றிப்போய் எத்தனையோ மாதமான பால்.

அழகையா விறகுக் குவியலுக்குப் போனான். ஏன் போனான் என்று அவனுக்கே தெரியாது. கூரை இறவாணத்துக்கு அடியில் அடுக்கியிருந்த கட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டினான். அடியில் கிடந்த ஒரு வேர்முண்டில் சல்லி வேர்கள் எதையோ இறுக்கிப் பிடித்திருந்தன. விரலால் விலக்கினான். இற்றுப்போன கறுப்புக் கயிறு. அதில் ஒரு துண்டு வசம்பு.

அவன் கட்டிய முடிச்சு அது.

குழந்தையை யாரும் எரிக்கமாட்டார்கள். எரிக்க மனசு வராமல்தான் மண்ணில் வைப்பார்கள். பெண்கள் அந்த இடத்துக்கு வரமாட்டார்கள். ஆண்கள் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். அன்றைக்கு மழை குத்திக்கொண்டிருந்தது. கல்லும் வேருமாக இருந்த தரையில் ஆழமாக வெட்ட முடியவில்லை. மழை கொஞ்சம் குறைவாக விழட்டும் என்று ஒரு பட்டுப்போன காப்பிச் செடிக்கு அடியில் வைத்தான். எங்கே என்று இராக்கம்மா கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. சொன்னால் அங்கேயே போய்க் கிடப்பாள் என்று பயந்தான். சொல்லியிருந்தால் அந்தப் பக்கம் விறகு எடுக்கப் போயிருப்பாளா?

இப்போது பாதி விறகு எரிந்துபோயிருந்தது.

உள்ளே வந்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னான். சொல்லும்போதே உடைந்து அழுதான். அவள் மட்டும் அழவில்லை.

“வாசனையிலேயே தெரிஞ்சுக்கிட்டேங்க” என்றாள். “நெருப்பு கொறைஞ்சா அழுவுது. குளுருதாம்.”

“புள்ள, இது நம்ம பாப்பா இல்ல. அது போயிருச்சு.”

“மண்ணுக்குள்ள போட்டுட்டு வந்தீங்களே, குளுரும்னு நெனைக்கலியா?”

அந்த மழையில் திரும்பிப் பார்க்காமல் நடந்தபோது அவன் நினைத்ததும் அதைத்தான்.

மறுநாள் விடிந்ததும் மிச்சக் கட்டைகளையெல்லாம் சாக்கில் அள்ளினான். பிள்ளையை இருந்த இடத்திலேயே சேர்த்துவிட்டால் பெண்டாட்டியாவது மிஞ்சுவாள் என்று நினைத்தான். அடுப்பின் கீழ்க் கதவை இறுக மூடினான். இராக்கம்மா அவன் காலைப் பிடித்துக்கொண்டாள். இன்னிக்கு ஒரு நாள் மட்டும் எரியட்டும் என்று கெஞ்சினாள். அவள் கையைப் பிரிக்கும்போது அந்தக் கை சில்லிட்டிருந்தது. மனசைக் கல்லாக்கிக்கொண்டு கிளம்பினான்.

சரிவு முழுக்கக் குழி. எந்தக் குழி என்று தெரியவில்லை. எல்லாம் ஒரே மாதிரி மழைத் தண்ணீர் நிறைந்து கிடந்தன. ஒன்றில் இறங்கி, தண்ணீரை அள்ளி இறைத்து, ஆழமாக வெட்டினான். கட்டைகளையும் கயிற்றையும் வைத்து மூடினான். மண்ணைக் கையாலேயே அணைத்து, குழந்தையைத் தட்டுவது போல் தட்டினான். அப்பாவை மன்னிச்சிரு தாயி என்றான். அம்மாவை விட்டுரு என்றான். பனிக்குள்ளிருந்து பதில் வரவில்லை. அது கொஞ்சம் ஆறுதலாகத்தான் இருந்தது.

திரும்பி வரும்போது தூரத்திலேயே குழாயைப் பார்த்தான். புகை இல்லை. அணைந்துவிட்டது. இனி அவளை லயத்துக்குக் கூட்டிப்போய்விடலாம், அடுப்பை வாஹித்திடமே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று யோசித்துக்கொண்டே எட்டி நடந்தான்.

கதவைத் தள்ளினான்.

உள்ளே வெளியைவிடக் குளிர். அவன் வாயிலிருந்து ஆவி வந்தது.

நெருப்பில்லை. தணல்கூட இல்லை, அவன் அள்ள மறந்த சாம்பல் மட்டும். விறகு போடும் பெரிய கதவு திறந்திருந்தது.

இராக்கம்மா அதன் முன்னால் மண்டியிட்டு, இரண்டு கையாலும் அடுப்பைக் கட்டிக்கொண்டு, மார்பை அந்த வாசலோடு சேர்த்து வைத்திருந்தாள்.

சத்தம் கேட்டது. இழுப்பு. இழுப்பு. நிறுத்தம். மூச்சு.

“இராக்கு.”

மெல்லத் திரும்பினாள். உதடு நீலம். முகம் வெளிறி இரத்தமே இல்லாமல் இருந்தது. ஆனாலும் சிரித்தாள். பேச்சி பிறந்த அன்றைக்குச் சிரித்த சிரிப்பு.

“சத்தம் போடாதீங்க” என்றாள். “இப்பத்தான் சூடு புடிக்குது.”

பேசியவளின் வாயிலிருந்து ஆவி வரவில்லை.

அடுப்புக்குள்ளிருந்து வந்தது. சின்னச் சின்னதாக. விட்டு விட்டு.

அவன் ஓடிப்போய் அவள் தோளைப் பிடித்தான். இரும்பைத் தொட்டது போலிருந்தது. இழுத்தான். வரவில்லை. உள்ளே இருட்டிலிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு குட்டிக் கை நீண்டு, அவள் ரவிக்கையைக் கொத்தாகப் பிடித்திருந்தது. பால் குடிக்கிற பிள்ளை பிடிக்கிற பிடி. விரல்கள் திறந்தன. மூடின. திறந்தன.

இராக்கம்மாவின் தலை அடுப்பின் மேல் சாய்ந்தது. கண் திறந்தபடியே இருந்தது.

சப்பும் சத்தம் நிற்கவில்லை.