கெஸியாவின் குல்லாவில் ஒட்டிய முட்டைகள்

நீலகிரி மலையில் இருக்கும் நடுவட்டத்தில் மழை பிடித்தால் லேசில் விடாது. துவைத்த துணி காயவே காயாது. அதனால் தேயிலை எஸ்டேட் லைன் வீடுகளில் வாசல் பல்புக்கு அடியில் கொடி கட்டித் துணி போடுவார்கள். கெஸியாவின் அம்மாவும் அவளுடைய பச்சைக் கம்பளிக் குல்லாவை ராத்திரி முழுக்க அப்படித்தான் போட்டிருந்தார். வினை அங்கேதான் வந்தது.

காலையில் வகுப்பில் பின் பெஞ்சிலிருந்து டெனின் எட்டிப் பார்த்தான்.

"ஐயையோ, கெஸியா குல்லாவுல ஈரு."

குல்லாவின் விளிம்பில் வெள்ளை வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது உண்மைதான். அவ்வளவுதான், அவள் பெஞ்சில் இருந்தவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போய்விட்டார்கள்.

கெஸியா குல்லாவைக் கழற்றி மடியில் ஒளித்தாள். அவளுக்கு அவமானமாக இருந்தது. அழுகையும் வந்தது.

"நாளையிலருந்து நான் ஸ்கூலுக்கே வர மாட்டேன்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனிஷா மட்டும் நகரவில்லை. பயத்தில் அவளுக்கும் தலை அரித்தது. ஆனாலும், "குடு, பாக்கலாம்" என்று கை நீட்டினாள்.

ஜன்னல் வெளிச்சத்தில் குல்லாவைப் பிடித்துப் பார்த்தாள்.

"ஈருன்னா நீட்டமா இருக்கும். எனக்குத் தெரியாதா? போன லீவு பூரா எங்கம்மா என் தலையிலதான் குடியிருந்தாங்க. இது உருண்டையா, வரிசையா இருக்கு."

நகத்தால் மெல்லத் தள்ளினாள். பசை போட்டது போல அசையவே இல்லை.

"இத நான் எங்கியோ பாத்திருக்கேன். வா."

கெஸியாவை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனாள். மற்றவர்கள் கொஞ்சம் தள்ளியே பின்னால் வந்தார்கள்.

வராந்தா பல்புக்குப் பக்கத்துச் சுவரில் அதே போல முத்து முத்தாக ஒட்டியிருந்தன. அருகில் ஒரு பழுப்பு அந்துப்பூச்சி. அது வயிற்று நுனியைச் சுவரில் வைத்து எடுத்தது. அந்த இடத்தில் புதிதாக ஒரு முட்டை இருந்தது.

"டெனின், நம்ம ஸ்கூல் செவுத்துக்கும் ஈரு வந்துருச்சாடா?" என்று கேட்டாள் மனிஷா.

எல்லாரும் சிரித்தார்கள். டெனின் அசடு வழிந்தான்.

"பூச்சி பல்பு வெளிச்சத்துக்கு வந்திருக்கும். இலையில முட்டை வைக்கிறது, உன் பச்சைக் குல்லாவ இலைன்னு நெனச்சிருச்சோ என்னவோ" என்றாள் மனிஷா.

"அப்பாடா" என்றாள் கெஸியா.

"நாளைக்கு வருவியா?" என்று கேட்டாள் மனிஷா.

"வராம? புழு பொரிக்கிறத நீங்க எல்லாம் பாக்க வேணாமா?"

டெனின் மெல்ல நெருங்கினான். "ஒரு தடவ தொட்டுப் பாக்கட்டுமா?"

"மொதல்ல சாரி சொல்லு."

சொன்னான். பிறகு ஒற்றை விரலால் தொட்டும் பார்த்தான்.

அன்று ராத்திரி லைனில் எல்லா வாசல் பல்புக்கு அடியிலும் பூச்சிக்காக நனையாத குல்லாக்கள் தொங்கின. டெனின் வீட்டில் அவன் அப்பாவுடையதும் சேர்ந்து தொங்கியது.